ஆறாம் பாரம் முடித்து வந்த பிள்ளைகளும் மேட்ரன் அக்காவும்

பெண்பிள்ளைகள் ஹாஸ்டலில் மேட்ரனாக இருப்பவளுக்குக் காய்ச்சல் வந்தால்தான் லீவு. அந்தக் காய்ச்சலும் பிள்ளைகளில் யாருக்கும் காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்து வர வேண்டும்.

நாகர்கோவிலில் காலேஜ் படிக்க வந்த பெண்களுக்காக ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, முன்வாசலில் ஒரு பலகையை மாட்டி, ஹாஸ்டல் என்று பெயரும் வைத்தார்கள். அதில் முதல் மேட்ரனாகப் போய் உட்கார்ந்தவள் நான். அதுவரை ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய பிள்ளைகள் என்றால் வேலை குறைவாக இருக்கும் என்று ஒருவர் ஆசை காட்டினார். அவர் அதற்குப் பிறகு என் கண்ணில் படவே இல்லை.

இந்த வருஷம் ஆறாம் பாரம் பாஸாகிப் பள்ளிக்கூடத்தை முடித்து, எந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவது என்று வெப்ராளப்பட்டுத் தவித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, பிள்ளையை அனுப்பிவிட்டு இங்கே தூக்கம் வராமல் புரளப் போகிற தகப்பன் தாய்மாரே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். அதே பாட்டை நான் வருஷா வருஷம் படுகிறேன். காலேஜுக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்குப் பிரசங்கம் பண்ண எனக்கு வராது. முதல் வருஷம் வந்த மூன்று பிள்ளைகளுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். புதுக்கடையிலிருந்து வந்தவள் யேசுவடியாள். வட்டக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள் பொன்னம்மை. சுசீந்திரத்துக்காரி பகவதி. இவர்களுக்குச் சமைத்துப் போட்டவள் மயிலாடி நேசம்மாள். வேறு யாரையும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெட்டி

யேசுவடியாள் வந்த அன்றைக்கு அவள் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கப் பக்கத்து வீட்டு ஆட்களையும் கூப்பிட வேண்டியதாயிற்று. புதுக்கடையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவளுடைய அப்பா, கடையைப் பெயர்த்துப் பாதியைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். தேங்காயெண்ணெய்ப் பரணி, கருப்பட்டி, உப்பு மாங்காய், சுக்கு, மிளகு, அரிக்கேன் விளக்கு, குடையிலேயே மூன்று. எல்லாவற்றுக்கும் அடியில் ஓலைப்பெட்டியில் கருவாடு. அதன் மேலேதான் பிள்ளையின் சேலைகளை மடித்து அடுக்கியிருந்தார்கள். ஓணம் லீவு வரைக்கும் யேசுவடியாள் நடந்து போனால் தெருப்பூனைகள் திரும்பிப் பார்த்தன.

பிள்ளைகளே, பெட்டி கட்டும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள்: அதை நீங்களே தூக்கிக்கொண்டு பத்தடி நடக்க முடியுமா? முடியாதென்றால் பாதியை எடுத்து வெளியே வையுங்கள். யேசுவடியாளின் பெட்டியை முழுக்க இறக்கிப் பார்த்தபோது ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை, பேனா இல்லை, மைக்கூடும் இல்லை. "இதெல்லாம் எங்கே?" என்று அவள் அப்பாவிடம் கேட்டேன். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுப் போனார்.

"அதெல்லாம் படிக்கிற எடத்தில வச்சிருப்பாங்கன்னுல்லா நெனைச்சேன்! எனக்க கடைக்கு வாற ஆளுவ தராசையும் தூக்கிக்கிட்டா டீச்சர் வாறாங்க?"

தனிப்பானை

பகவதியின் பெட்டி சின்னது. ஆனால் கூடவே ஒரு பித்தளைப் பானையும் ஓர் இரும்பு அடுப்பும் வந்தன. அவளைக் கொண்டுவிட வந்த பெரியம்மை, "எனக்க பிள்ளை கண்டவங்க கையால தின்னு பழகினதில்ல. தனியா வச்சுச் சாப்பிடும்," என்றாள். நேசம்மாள் வேதக்காரி, கிறிஸ்தவள். அவள் முகத்துக்கு எதிரிலேயே பெரியம்மை அப்படிச் சொன்னாள். அந்தக் காலத்தில் அது யாருக்கும் புதுசில்லை. நான் பின்கட்டில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தேன்.

ஆனி மாதத்து மழையில் விறகு பற்றுமா? ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் ஊதுகுழல் என்று பகவதி பட்ட பாடு கொஞ்சமல்ல. சோறு ஒரு நாள் குழையும், மறுநாள் விறைக்கும். கண் சிவந்து, புகை மணத்தோடு ஓடி ஓடி வகுப்புக்குப் போவாள். ஒரு நாள் காலையில் மழை விட்டபாடில்லை. அடுப்பு பற்றவே இல்லை. அடுக்களையில் நேசம்மாள் புட்டும் பயறும் தட்டுகளில் விளம்பிக்கொண்டிருந்தாள். பகவதி வாசற்படியில் வந்து நின்றாள். யாரும் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. யேசுவடியாள் மட்டும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த இடத்தில் பகவதி உட்கார்ந்தாள். எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

வீட்டுப் பழக்கத்தில் எதை விடுவது, எதைக் காப்பது என்று ஊரிலிருந்தே முடிவு பண்ணிக்கொண்டு வராதீர்கள். வந்து, இருந்து, பார்த்துச் செய்யுங்கள். பகவதியின் பானை அன்றைக்குப் பரணுக்குப் போயிற்று. பெரியம்மை பார்க்க வருகிற நாளில் மட்டும் அது கீழே இறங்கும். பகவதி புளி போட்டு விளக்கிப் பளபளவென்று அடுப்பில் ஏற்றி வைப்பாள். நான் கண்டும் காணாதவளாக இருப்பேன். நேசம்மாளால்தான் சும்மா இருக்க முடியாது.

"இந்தப் பானைக்கு வந்த யோகத்தைப் பாத்தியளாக்கா! ஒரு வேலையும் இல்ல, பெரியம்மை வாற அண்ணைக்குக் குளிச்சு முழுகி வந்து நிக்கதுதான் அதுக்குச் சோலி."

புதுக்கடை பஸ்

முதல் மாதம் முடிகிறவரை ஊருக்குப் போகாதீர்கள் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வேன். முதல் மாதத்தில் போனால் திரும்பி வர மனசு வராது. யேசுவடியாள் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று குடையோடு போனவள், ஆராதனை முடிந்தும் வரவில்லை. நேரே பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். குடையை விரித்துத் தன்னை மறைத்துக்கொண்டு ஓர் ஓரமாக நின்றாள். மழையுமில்லை, வெயிலுமில்லை, விரித்த குடை அது ஒன்றுதான்.

ஏச வேண்டும் என்றுதான் போனேன். குடைக்குள் முகத்தைப் பார்த்ததும் ஏச வரவில்லை. "எக்கா, எங்க அம்மை ஞாயித்துக்கிழமை கிழங்கு அவிச்சு மீன்கறி வைப்பா. நான் போகாட்டி எனக்க பங்கை யாரு தின்னுவா?" என்று கேட்டு அழுதாள். என் அம்மை போய்ச் சேர்ந்து அப்போது வருஷம் திரும்பவில்லை. அவளும் ஞாயிற்றுக்கிழமை கிழங்குதான் அவிப்பாள். குடைக்குள் நானும் நின்றுகொண்டேன். பஸ் வருவதற்குள் இரண்டு பேருமாக அழுது தீர்த்து, கடையில் பழம் வாங்கித் தின்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேசம்மாளைக் கிழங்கு அவிக்கச் சொல்வது என்று பேசி முடித்துவிட்டோம். ஆனாலும் பஸ் வந்து நின்றதும் மறுபடி அழுகை வந்துவிட்டது, இரண்டு பேருக்கும். கண்டக்டர் இறங்கி வந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இதில போறது யாரு, இருக்கது யாரு? ரெண்டு பேரும் ஒண்ணுபோல அழுதா நான் யாருக்கு டிக்கட்டுக் கிழிக்க?"

நாய் கடித்த செருப்பு

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொல்வார், நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். காலேஜில் அது கிடையாது. சரித்திர வகுப்பு எடுத்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. ரோமாபுரியை அவர் ஆரம்பித்தால் ஆற்று வெள்ளம் மாதிரிப் போவார். பொன்னம்மைக்கும் பகவதிக்கும் முதல் வாரம் புரிந்தது குட் மார்னிங் மட்டும்தான். பிறகு காதில் விழுந்த வார்த்தையை எல்லாம் ஆளுக்குப் பாதியாக எழுதிக்கொண்டு வந்து, சாயங்காலம் உட்கார்ந்து ஒட்டுப் போடுவார்கள். ஒரு நாள் துரையின் வீட்டு நாய் அவருடைய செருப்பைக் கடித்துக் குதறிவிட்டது. வகுப்புக்கு வந்தவர் முதலில் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் பாடத்துக்குப் போயிருக்கிறார். நாயும் செருப்பும் நோட்டில் ஏறிவிட்டன. பகவதி எதையும் நெட்டுருப் போடுகிறவள். டெர்மினல் பரீட்சையில் ரோம சாம்ராஜ்யம் ஏன் விழுந்தது என்று கேள்வி வந்தபோது, வரிக் கொடுமைக்கும் பட்டாளத்துச் சண்டைக்கும் நடுவில் நாயையும் சேர்த்துவிட்டாள்.

புரியாததை எழுதாதீர்கள், பிள்ளைகளே. வகுப்பு முடிந்ததும் போய்க் கேளுங்கள். வெட்கம் அங்கேயே தீர்ந்துவிடும். துரை கோபிக்கவில்லை. பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார். வேதபுத்தகத் தமிழில்தான் பேசுவார். பகவதி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் கதவைப் பார்த்துச் சொன்னார்:

"மகளே, என்னுடைய நாய் செருப்பைக் கடித்தது மெய்தான், ஆயினும் ரோமாபுரியின் வீழ்ச்சிக்கு அது உத்தரவாதி அல்ல."

ஏலே

அந்த நாளில் பெண்பிள்ளைகள் வரிசையாகக் காலேஜுக்குப் போவார்கள். வால் மாதிரிப் பின்னால் நான் போவேன். பையன்களோடு பேசலாமா கூடாதா என்று கேட்காத தாய் கிடையாது. நான் சொல்லும் பதில் இதுதான்: காரியம் இருந்தால் பேசுங்கள், காரியத்தை மட்டும் பேசுங்கள். இதை எனக்குக் கற்பித்தவள் பொன்னம்மை.

காலேஜ் லைப்ரரியில் ரோம சரித்திரத்தின் பெரிய புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மீசை வைத்த சீனியர் ஒருவன், ஒரு வக்கீலுடைய மகன், தினமும் முந்திப் போய் அதை எடுத்துவிடுவான். எடுத்து வாசித்தாலும் பரவாயில்லை. மேஜைமேல் அதை வைத்து, அதன்மேல் தலையை வைத்துத் தூங்குவான். பகவதி பக்கத்தில் போய் நிற்பாள், வருவாள். கேட்க வாய் வராது. பொன்னம்மைக்குப் பொறுத்துப் பார்த்துப் போதும் என்றாகிவிட்டது. கடற்காற்றுக்கு மேலே குரலெழுப்பித் தென்னந்தோப்பு விளையில் ஆட்களைக் கூப்பிட்டு வளர்ந்தவள் அவள். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு நாள் நேரே போய் நின்று, "ஏலே! வாசிக்கியா, தலைக்கு வச்சுக்கிட்டுக் கிடக்கியா? வாசிக்கலேன்னா இஞ்ச தா!" என்றாள். லைப்ரரி முழுக்க நிமிர்ந்தது. வாசலில் காத்திருந்த நான், பிரின்ஸிபாலிடம் என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் வாசகம் தேட ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பையன் பதறிப்போய் எழுந்து, இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டினான். பொன்னம்மையைவிட அவனுக்கு வயசு கூடுதல். அன்றையிலிருந்து அவள் காலேஜை விட்டுப் போகும்வரை பையன்கள் எல்லாரும், புத்தகத்தை நீட்டும்போது அவன் கூப்பிட்டபடியேதான் அவளைக் கூப்பிட்டார்கள்.

"எடுத்துக்கிடுங்க அக்கா! எனக்கு ஒறக்கம் வேற புஸ்தகத்திலயும் வரும்."

மாமியார் பார்க்க வந்தது

இரண்டாம் வருஷம் பாதியில் பொன்னம்மைக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை நல்லவன், சொந்தத்தில்தான். ஆனால் மாப்பிள்ளையின் தாய், "படிச்சது போதும். நானே போயி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வாறேன்," என்று சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது. பொன்னம்மை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். என்ன கேட்டாலும் குரல் எழும்பவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. கடைசியில், "எக்கா, எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு இல்ல. பாதியில எந்திரிச்சுப் போறதுக்குத்தான் மனசில்ல," என்றாள். நான் பெற்றவளா, தடுக்க? வருகிற அம்மாளிடம் என்ன பேசுவது என்று பாடம் பண்ணிப் பார்த்தேன். ஒரு வாக்கியம்கூட உருப்படியாக வரவில்லை.

அந்த அம்மாள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வில்வண்டியில் வந்து இறங்கினாள். பெரிய உருவம், நெற்றியில் நாமம், வாய் நிறைய வெற்றிலை. கிணற்றடி, அடுக்களை, பிள்ளைகள் படுக்கிற இடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். எதற்கும் முகம் மலரவில்லை. அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. "நீங்களும் ஒரு வாய் சாப்பிட வேண்டும்," என்றேன். நேசம்மாள் இலை போட்டாள். அந்த அம்மாள் உட்காராமல், பழக்க தோஷத்தில் சோற்றுப் பானையின் பக்கம் போய் அகப்பையைக் கையில் எடுத்துவிட்டாள். "பிள்ளைகள் இருக்கட்டும், நான் விளம்புதேன்," என்றாள். பொன்னம்மை போய் அவள் கையிலிருந்து அகப்பையை வாங்கினாள். "இஞ்ச ஆளுக்கு ஒரு நாள் முறையாக்கும். இண்ணைக்கு எனக்க முறை. நீங்க இருங்க அத்தை," என்றாள். அம்மாள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். கத்திரிக்காய்த் தீயல், பயற்றுத் தோரன், மோர். பொன்னம்மை பார்த்துப் பார்த்து விளம்பினாள். இலையில் ஒன்று குறையும் முன்னால் கொண்டு வந்தாள். பாதிச் சாப்பாட்டில் அந்த அம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காரம் ஏறிவிட்டதாக்கும் என்று நேசம்மாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சாப்பிட்டு எழுந்து முன்வராந்தாவில் உட்கார்ந்தவள் சாயங்காலம்வரை நகரவில்லை. யேசுவடியாள் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். பொன்னம்மை இங்கிலீஷ் பாடத்தை வாசித்தாள், அத்தை ஒவ்வொரு பக்கத்துக்கும், "இது என்ன சொல்லுது?" என்று கேட்டுக் கதையைத் தமிழில் சொல்லச் சொன்னாள். கதையில் வந்த ராணியைப் பற்றி இரண்டு பேருக்கும் வாக்குவாதம்கூட வந்தது. பொன்னம்மையின் குரல் பழையபடி தெருவரை கேட்டது. வண்டிக்காரன் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஒரு வழியாக அவள் எழுந்தபோது நான், "பிள்ளையின் பெட்டியைக் கட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவள் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்:

"கல்யாணம் ஆகி வந்த நாள் மொதலு, ஒருத்தி எனக்கு விளம்பி நான் இருந்து சாப்பிட்டது இண்ணைக்குத்தான் டீச்சர். பிள்ளை இருந்து படிச்சு முடிக்கட்டும். எனக்க மவன் எங்கயும் ஓடிப் போவமாட்டான்."

கணக்கு

இண்டர்மீடியட் ரிசல்ட் பத்திரிகையில் வந்த அன்றைக்குப் பொன்னம்மையின் நம்பர் இருந்தது, பகவதியின் நம்பர் இருந்தது. யேசுவடியாளின் நம்பரை நாங்கள் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடினோம். கணக்கில் போய்விட்டது. அப்பாவுக்கு எந்த முகத்தோடு சொல்வது என்று அவள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இருந்து நேசம்மாள் கெஞ்சுகிறாள், வெளியே இருந்து நான் கெஞ்சுகிறேன். பாஸான இரண்டு பேரும் சந்தோஷப்பட முடியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிள்ளைகளே, தோற்றுப் போவதற்கும் கொஞ்சம் தயாராகிக்கொண்டு வாருங்கள். அது எந்தப் பெட்டியிலும் கட்டிக்கொண்டு வர முடியாத சாமான்; ஆனால் என்றைக்காவது வேண்டியிருக்கும். யேசுவடியாள் ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து படித்து, செப்டம்பரில் மறுபடி எழுதினாள். ஊருக்குப் போய்விட்ட பகவதி சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அவள் கணக்குப் படித்தவளல்ல. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, விடை சரியா என்று பார்க்கிறவள். அந்தத் தடவை யேசுவடியாளின் நம்பர் வந்தது. ஆனால் நான் இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பது, முதல் ரிசல்ட் வந்த அன்றைக்கே அவள் அப்பா மகளைக் கூட்டிப்போக வந்ததை. "எந்தப் பாடத்தில் போயிற்று என்றால்..." என்று இழுத்துக் கணக்கு என்று சொன்னேன். அவர் தோளிலிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுக்களைக் கதவு மெல்லத் திறந்தது.

"கணக்கிலயா? வெளியே யாருகிட்டயும் சொல்லிராதீங்க டீச்சர். அந்த வீட்டில ஒருத்தருக்கும் கணக்குத் தெரியாதுன்னு ஊரு பூரா கடன் வாங்க எனக்க கடைக்கு ஏறி வந்திரும்."

காலேஜுக்குப் புறப்படுகிற பிள்ளைக்கு யார் என்ன புத்தி சொன்னாலும், அது அந்தப் பிள்ளைக்கு விளங்குகிற நாளில், பிள்ளை காலேஜை முடித்துவிட்டு வேறொரு பிள்ளைக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கும்.